உழவை நிறுத்தினால் மட்டும் போதுமா? பிரேசிலின் பரானா மாநிலத்தில் 50 ஆண்டு அனுபவம்

உழாமல் விதைத்தால் மண் தேறுமா, விளைச்சல் விழுமா? இதற்கு ஒரே வரியில் பதில் சொல்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். கலப்பையைத் தூக்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு தரப்பு. உழாத நிலம் உருப்படாது என்று இன்னொரு தரப்பு. இந்த வாதத்தைத் தீர்க்க வேண்டுமென்றால் தெற்கு பிரேசிலில் உள்ள பரானா மாநிலத்தைப் பார்க்க வேண்டும். 1972 முதல் அங்கே உழவில்லா சாகுபடி நடக்கிறது. தேறிய மண்ணும் உண்டு, அதே முறையைக் கையாண்டும் தேறாத மண்ணும் உண்டு. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படுவது இதுதான்: கலப்பையை நிறுத்தியது பாதி வேலை. இரண்டு பணப்பயிர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் என்ன விதைத்தார்கள் என்பதுதான் மீதியைத் தீர்மானித்தது.

மண் ஓடிய காலம்

பரானாவின் வடபகுதியில் இருப்பது எரிமலைப் பாறை சிதைந்து உண்டான ஆழமான செம்மண். காப்பிக்குப் பேர்போன மண். 1960களிலேயே அங்கே சோயாவும் கோதுமையும் நுழையத் தொடங்கிவிட்டன. 1975 ஜூலையில் அடித்த கடும் உறைபனியில் மாநிலத்தின் காப்பித் தோட்டங்கள் ஒரே இரவில் கருகிப் போயின. அதன்பிறகு காப்பிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு ஆண்டுக்கு இரண்டு போகம், கோடையில் சோயா, குளிர்காலத்தில் கோதுமை என்று மாறியவர்கள் ஏராளம்.

வேலை நடந்த விதம் இப்படி. செப்டம்பர் வாக்கில் கோதுமை அறுவடை முடியும். தாளை எரிப்பார்கள். பிறகு சட்டிக் கலப்பை, அதற்குப் பின் மாவாகும்வரை கட்டி உடைக்கும் சட்டிப் பலுகு. அக்டோபர், நவம்பரில் சோயா விதைப்பு. ஆண்டுக்குச் சுமார் 1,600 மி.மீ. மழை பெறும் ஊர்களில் பெருமழை தொடங்குவதும் சரியாக அந்த மாதங்களில்தான். நிலம் வெறுமையாக, பொடியாக, சரிவாகக் கிடக்கும் வாரத்தில் வானம் திறந்துகொள்ளும்.

வெறும் மண்ணில் மழைத்துளி விழும்போது மண்கட்டி சிதறுகிறது. சிதறிய நுண்துகள்கள் மேல்துளைகளை அடைத்து மெல்லிய ஓடாகப் படிகின்றன. அதன்பின் எவ்வளவு ஆழமான மண்ணாக இருந்தாலும் தண்ணீருக்கு உள்ளே இறங்க வழி இல்லை, மேலேயே ஓடும். கீழே, சட்டிக் கலப்பை ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் அழுத்தியதால் கடினத் தட்டு ஒன்று உருவாகியிருக்கும். மேலே ஓடு, கீழே தட்டு, நடுவே தளர்ந்த பொடி. அந்தப் பொடிதான் விதையோடும் உரத்தோடும் ஓடைக்குப் போனது. சம உயர வரப்புகள் போட்டிருந்தார்கள். பெரிய மழைக்கு வரப்பு உடையும், உடைந்த இடத்தில் ஓடை பறிக்கும், திரும்ப விதைக்க வேண்டியிருக்கும். வரப்பு ஓடுகிற தண்ணீரைத் தடுக்க மட்டுமே முடியும். தண்ணீரை உள்ளே இறங்க வைப்பது மேற்பரப்பின் வேலை. உழவு அந்த மேற்பரப்பைத்தான் கெடுத்துக்கொண்டிருந்தது.

ரோலாந்தியாவில் ஒரு விவசாயி

ஹெர்பர்ட் பார்ட்ஸ் ஜெர்மானிய வம்சாவளியில் வந்தவர். பிரேசிலில் பிறந்தாலும் சிறுவயதை ஜெர்மனியில் கழித்தவர். வடபரானாவில் ரோலாந்தியா ஊரில் பண்ணை வைத்திருந்தார். 1971இல் பெய்த ஒரு பெருமழை புதிதாக உழுது விதைத்த மண்ணை அவர் கண்முன்னே அடித்துப் போனது. இதற்கு மாற்று தேடிப் பக்கத்து லோண்ட்ரினாவில் இருந்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். அங்கே ஜெர்மன் கூட்டுறவுத் திட்டத்தில் வேலை பார்த்த ரோல்ஃப் டெர்ப்ஷ் உழவில்லா விதைப்புச் சோதனைகளை அப்போதுதான் தொடங்கியிருந்தார்.

பார்ட்ஸ் அதோடு நிற்கவில்லை. 1972இல் ஐரோப்பாவுக்கும் அங்கிருந்து அமெரிக்காவின் கென்டக்கிக்கும் போனார். கென்டக்கியில் ஹாரி யங் என்ற விவசாயி 1962இலேயே ஒரு ஏக்கருக்கும் குறைவான துண்டில் உழாமல் விதைத்துக் காட்டி, பத்தாண்டுகளில் அதைப் பண்ணை அளவுக்கு விரித்திருந்தார். அதைப் பார்த்த பார்ட்ஸ் தாளை வெட்டிக்கொண்டு விதை போடும் அல்லிஸ் சால்மர்ஸ் இயந்திரம் ஒன்றை வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் உழாத நிலத்தில் சோயா விதைத்தார். தென் அமெரிக்காவில் உழவில்லா சாகுபடியைப் பண்ணை அளவில் செய்த முதல் விவசாயி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பக்கத்து நிலத்துக்காரர்கள் வைத்த பெயர் பைத்தியக்கார ஜெர்மன்காரன். அவர் 2021இல் காலமானார்.

தொடக்க ஆண்டுகளின் பெரிய தலைவலி களை. உழவு என்பது விதைப்படுகை தயாரிப்பு மட்டுமல்லவே, மலிவான களையெடுப்பும் அதுதான். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைப்பது? கையில் இருந்தவை பாராகுவாட், 2,4-டி போன்ற ஒன்றிரண்டு களைக்கொல்லிகள். மிச்சத்துக்கு ஆள் வைத்து மண்வெட்டியால் கொத்த வேண்டியிருந்தது. 1970களில் முயன்று பார்த்துப் பலர் திரும்பவும் கலப்பைக்கே போனார்கள். களையும் செலவும்தான் காரணம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

மண்புழுச் சங்கமும் கருப்பு ஓட்ஸும்

கதை திரும்பியது தெற்கே, பொன்டா குரோசா நகரைச் சுற்றியுள்ள காம்போஸ் ஜெராய்ஸ் மேட்டுநிலத்தில். வடக்கின் செம்மண் வளம் அங்கே இல்லை. பல இடங்களில் மணற்பாங்கு, புளிப்பு, சத்துக் குறைவு, பயிர் நிலமாக மாறிய புல்வெளி. 1976இல் நோனோ பெரெய்ராவும், டச்சுக் குடியேறிகள் வழிவந்த ஃபிராங்கே டைக்ஸ்ட்ராவும் அங்கே உழவில்லா விதைப்பைத் தொடங்கினார்கள். 1979இல் விவசாயிகள் சேர்ந்து மண்புழுச் சங்கம் என்ற பெயரில் ஒரு குழு அமைத்தார்கள். ஒருவர் வயலில் தவறியதை இன்னொருவர் வயலில் திருத்திப் பார்ப்பதற்கான இடம் அது. 1984இல் அந்தப் பகுதியின் மூன்று கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் செலவில் ஆராய்ச்சி அறக்கட்டளையே தொடங்கிவிட்டன. விவசாயிகள் காசு போட்டு, விவசாயிகள் கேள்வி கேட்டு, ஆய்வாளர்கள் அவர்கள் நிலத்திலேயே பதில் தேடினார்கள். பரானா வெற்றி பெற்றதற்கு இந்த ஏற்பாட்டை நான் பெரிய காரணமாக நினைக்கிறேன். மேலிருந்து வந்த திட்டமாக இருந்திருந்தால் களைப் பிரச்சினையிலேயே அது முடிந்திருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் மூடுபயிர் வருகிறது. லோண்ட்ரினாவில் 1972இல் தொடங்கிய மாநில வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான இயாபாரில், டெர்ப்ஷும் உள்ளூர் ஆய்வாளர்களும் குளிர்காலத்தில் நிலத்தை மூடும் பயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கருப்பு ஓட்ஸ், வெட்ச், லூபின், எண்ணெய் முள்ளங்கி. எது எவ்வளவு தாள் தருகிறது, எது களையை அடக்குகிறது, எதற்கு அடுத்து எது நன்றாக வருகிறது என்று பார்த்தார்கள். கிடைத்த விடை எளிமையானது, பயனோ பெரியது. சோயாவுக்கு முன் கருப்பு ஓட்ஸ், மக்காச்சோளத்துக்கு முன் வெட்ச் அல்லது லூபின்.

ஏன் அப்படி? ஓட்ஸ் தாளில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. அதனால் மக்குவதற்கு நாளாகும், நிலம் நீண்ட நாள் மூடியிருக்கும். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சோயாவுக்கு அதனால் நஷ்டம் இல்லை, தன் வேர்முடிச்சில் அது தானே தழைச்சத்து தயாரித்துக்கொள்ளும். ஆனால் அதே ஓட்ஸ் தாளில் மக்காச்சோளம் போட்டால் இளம் பயிர் மஞ்சளித்து நிற்கும். வெட்சும் லூபினும் பயறு இனம். சீக்கிரம் மக்கி, மக்காச்சோளத்துக்கு வேண்டிய நேரத்தில் தழைச்சத்தை விட்டுக்கொடுக்கும். எண்ணெய் முள்ளங்கியின் தடித்த ஆணிவேர் இறுகிய அடுக்குக்குள் துளை போடும். வேர் மக்கியபின் அந்தத் துளை தண்ணீருக்கும் அடுத்த பயிரின் வேருக்கும் பாதையாகும்.

பூக்கும் பருவத்தில் மூடுபயிரின் மேல் கத்திகள் பதித்த கனமான உருளையை உருட்டிச் சாய்ப்பார்கள். சாய்ந்த ஓட்ஸ் பாய்போலப் படியும். அடர்ந்த தாள் ஒளியை மறைத்துக் களை விதை முளைப்பதைத் தடுக்கும். ஓட்ஸ் வெளியிடும் வேதிப்பொருட்களும் களையைக் கொஞ்சம் அடக்கும். 1970களில் பலரைத் துரத்திய களைப் பிரச்சினைக்கு மருந்துக் கடையில் மட்டும் தேடிய விடையில் ஒரு பங்கு இப்படி நிலத்திலேயே கிடைத்தது. கோதுமை மேல் கோதுமை போட்டால் தாளில் தங்கும் மஞ்சள் இலைப்புள்ளி நோய் அடுத்த பயிரைத் தாக்கும் என்பதால், நோய்க் கணக்கிலும் சுழற்சி தேவைப்பட்டது.

மண்ணுக்குள் நடந்தது

பரானாவின் திபாஜி பகுதியில், 22 ஆண்டுகள் வரை உழாமல் விட்ட வயல்களை இயற்கைப் புல்வெளியோடும் உழுத நிலத்தோடும் ஒப்பிட்டு ஜோவாவோ கார்லோஸ் சா என்ற மண்ணியலாளரின் குழு 2001இல் முடிவு வெளியிட்டது. உழாத நிலத்தின் மேல் 20 செ.மீ.இல் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 0.8 டன் கரிமம் சேர்ந்திருந்தது. 40 செ.மீ. வரை கணக்கிட்டால் சுமார் 1 டன். வெப்ப மண்டலத்தை ஒட்டிய, மக்கும் வேகம் அதிகமான ஓரிடத்தில் இது நல்ல அளவு. ஓட்ஸும் பயறும் மக்காச்சோளமும் மாறி மாறி வந்த வயல்கள் அவை.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு சோதனையை வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் முக்கியமான தரவு இதுதான். தெற்கே ரியோ கிராந்தே தோ சுல் மாநிலத்தில் பாசோ ஃபுண்டோ என்ற ஊரில் 13 ஆண்டுகள் நடந்த சோதனை, முடிவு வெளியானது 2004இல். ஒரே மண்ணில், உழுதும் உழாமலும், மூன்று வகைப் பயிர்முறைகள். கோதுமைக்குப் பின் சோயா, சோயாவுக்குப் பின் கோதுமை என்று மட்டும் ஓடிய வயலில், உழுத நிலத்துக்கும் உழாத நிலத்துக்கும் கரிமச்சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. 13 ஆண்டுகள் கலப்பை படாமல் இருந்தும் ஒன்றும் சேரவில்லை. சுழற்சியில் வெட்ச் நுழைந்த வயல்களிலோ, உழாத நிலத்தில் ஹெக்டேருக்குச் சுமார் 17 டன் கரிமம் கூடுதலாக இருந்தது.

காரணம் தழைச்சத்துக் கணக்கு. மண்ணில் நிலைத்து நிற்கும் மக்கில் கரிமத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தழைச்சத்து இருந்தாக வேண்டும். 1 டன் கரிமம் நிலைக்க ஏறக்குறைய 80 முதல் 100 கிலோ தழைச்சத்து வேண்டும். சோயா தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்கிறது என்றாலும், 3 டன் சோயா விதையோடு சுமார் 180 கிலோ தழைச்சத்து வயலை விட்டு லாரி ஏறிப் போய்விடுகிறது. மண்ணுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. வெட்சை யாரும் அறுத்து விற்பதில்லை. அது காற்றிலிருந்து பிடித்தது முழுவதும் வயலிலேயே தங்குகிறது. கலப்பையை நிறுத்துவது சேர்ந்த கரிமம் வேகமாக எரிந்து போகாமல் காக்கும். ஆனால் சேர்வதற்கு ஏதாவது வர வேண்டுமே!

கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களும் உண்டு. மேல்மண் பொலபொலவென்று குருணைகளாகக் கூடியது. மண்புழு திரும்ப வந்தது. மழைநீர் கலங்கலாக ஓடிய இடத்தில் உள்ளே இறங்கத் தொடங்கியது.

புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டு உழுது கலக்க வேண்டும் என்பது பழைய பாடம். உழாமல் எப்படிக் கலப்பது? இதைக் காரணம் காட்டியே பலர் முறையை ஒதுக்கினார்கள். மேற்பரப்பிலேயே தூவிய சுண்ணாம்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் கீழே இறங்கி வேலை செய்வதைப் பொன்டா குரோசா பல்கலைக்கழகச் சோதனைகள் காட்டின. ஆழத்தில் அலுமினிய நச்சு இருக்கும் நிலத்துக்கு ஜிப்சம் கைகொடுத்தது. மணிச்சத்து மட்டும் மேலடுக்கிலேயே தங்கும் பழக்கம் மாறவில்லை. நீண்ட வறட்சியில் மேல்மண் காயும்போது பயிருக்கு அது எட்டாமல் போகும்.

விளைச்சல்

பிரேசிலின் சராசரி சோயா விளைச்சல் 1970களின் பிற்பகுதியில் ஹெக்டேருக்குச் சுமார் 1.7 டன்னாக இருந்த ஆண்டு உண்டு. 2021 பருவத்தில் 3.5 டன். இதை முழுக்க உழவில்லா முறையின் கணக்கில் எழுதுபவர்களைப் பார்க்கிறேன், அது நியாயமில்லை. புதிய ரகங்கள், சுண்ணாம்பு, உரம், அப்புறம் வேர்முடிச்சு நுண்ணுயிர் ஊட்டம் எல்லாம் அதில் பங்காளிகள். லோண்ட்ரினாவில், பிரேசில் அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராபாவின் சோயா மையத்தில் அந்த நுண்ணுயிர் ஆய்வுக்காக வாழ்நாளைக் கொடுத்த மரியாஞ்செலா உங்ரியாவுக்கு 2025இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது சும்மா இல்லை.

உழவின் பங்கை மட்டும் பிரித்துப் பார்க்க நீண்டகாலச் சோதனை வேண்டும். லோண்ட்ரினாவில் அப்படி இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த சோதனையில், முதல் சில ஆண்டுகள் உழாத வயலின் சோயா பின்தங்கியே இருந்தது. பழைய கடினத் தட்டு உள்ளே இருக்கிறது, குருணை இன்னும் கூடவில்லை, வேர்த்துளைகள் பெருகவில்லை. மண் தன்னைச் சரிசெய்துகொள்ளும் அந்த ஆண்டுகளைத் தாண்டியபின் உழாத வயல் முந்தியது. பயிர் சுழற்சி இருந்த இடத்தில் அந்த முன்னேற்றம் தெளிவாக இருந்தது. இரண்டாம் ஆண்டிலேயே முறையைக் கைவிட்ட விவசாயி தன் கண்ணால் பார்த்தது பொய்யல்ல. அவர் பார்த்தது அந்த முதற்கட்டம்.

உலக அளவில் 2015இல் 'நேச்சர்' இதழில் வெளியான தொகுப்பாய்வு 63 நாடுகளின் 610 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தது. உழாமல் விடுவதை மட்டும் எடுத்துக்கொண்டால் சராசரியாக விளைச்சல் குறைகிறது. தாள் மூடாக்கும் பயிர் சுழற்சியும் சேர்ந்தால் அந்தக் குறைவு சுமார் 2.5 சதவீதமாகச் சுருங்குகிறது. வறண்ட மானாவாரி நிலங்களில் மூன்றும் சேர்ந்தால் விளைச்சல் சுமார் 7.3 சதவீதம் கூடுகிறது. மூடாக்கு சேமிக்கும் ஈரத்துக்கு அங்கேதான் மதிப்பு அதிகம். மாடு தின்பதற்கே தாள் போதாத ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளிடம் இம்முறையை அப்படியே திணிப்பதை கென் கில்லர் போன்ற ஆய்வாளர்கள் 2009இலேயே கேள்வி கேட்டார்கள். அது சரியான கேள்வி. நிலத்தில் விடத் தாள் இல்லையென்றால் மூன்று கால்களில் ஒன்று இல்லை.

பரானாவிலும் சிறு விவசாயிகள் உண்டு. டிராக்டர் இல்லாதவர்களுக்காக மாடு, குதிரை இழுக்கும் உழவில்லா விதைப்புக் கருவியை இயாபார் 1980களில் வடிவமைத்தது. 1989இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய மாநிலத் திட்டம், தனித்தனி வயலாகப் பார்க்காமல் ஒரு ஓடைக்கு நீர் தரும் நிலம் முழுவதையும் ஓர் அலகாக எடுத்து வரப்பு, சாலை, மூடுபயிர் என்று வேலை செய்தது.

பின்னடைவு

1990களில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் விலை இறங்கியது. பிரேசிலில் 1990 வாக்கில் சுமார் 10 லட்சம் ஹெக்டேராக இருந்த உழவில்லாப் பரப்பு, 2000களின் தொடக்கத்தில் 2 கோடி ஹெக்டேரைத் தாண்டியது. பரப்பு பெருகியபோது முறை மெலிந்தது. பிப்ரவரியில் சோயாவை அறுத்த கையோடு இரண்டாம் போக மக்காச்சோளம், அது முடிந்ததும் மறுபடி சோயா. இரண்டும் பணம் தருபவை. ஓட்ஸுக்கும் வெட்சுக்கும் இடம் போய்விட்டது. மண் நிலைகுலையாமல் இருக்க ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 10 டன் உலர் தாள் வேண்டும் என்பது தென் பிரேசில் மண்ணியலாளர்களின் கணக்கு. சோயா தாளோ சில வாரங்களில் மக்கி மறைந்துவிடும்.

உழவில்லாமல் இருந்தாலே அரிப்பு நின்றுவிடும் என்று நம்பி, பெரிய இயந்திரங்கள் நேராக ஓட வசதியாக, பலர் சம உயர வரப்புகளை இடித்தார்கள். தாள் குறைந்த, கனரக வண்டிகள் அழுத்திய நிலத்தில் பெருமழை பெய்தபோது தண்ணீர் சரிவு முழுவதும் தடையில்லாமல் ஓடியது. 1970களோடு முடிந்தது என்று நினைத்த ஓடைப் பறிப்பு மறுபடி வந்தது. ஒரே களைக்கொல்லியை ஆண்டுக்குப் பலமுறை தெளித்ததில் அதற்கு அடங்காத களைகள் பெருகின. வயலுக்கு வயல் பரவிய கொனைசா அவற்றில் முதன்மையானது. தொடக்கக் காலத்தைத் தாங்கிய பாராகுவாட், அதன் நச்சுத்தன்மை காரணமாக 2020இல் பிரேசிலில் தடை செய்யப்பட்டது. மூடுபயிர் செய்த வேலையை மருந்திடம் கொடுத்தவர்கள் அந்த வேலைக்கு ஒவ்வோர் ஆண்டும் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அவர்கள் மட்டும் கொடுத்தால் பரவாயில்லை, தெளிக்கும் தொழிலாளியும் ஓடைத் தண்ணீர் குடிப்பவரும் சேர்ந்து கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

திருத்தங்களும் நடக்கின்றன. மக்காச்சோளத்தோடு கூடவே ருசிசியென்சிஸ் என்ற பிரேக்கியாரியா புல்லை விதைப்பது அவற்றில் நடைமுறைக்கு எளிதானது. மக்காச்சோளம் வளரும்வரை நிழலில் அடங்கிக் கிடக்கும் புல், அறுவடைக்குப்பின் எழுந்து அடுத்த சோயா விதைப்புவரை நிலத்தை மூடும். ஆழமாக இறங்கும் அதன் வேர்கள் இறுகிய மண்ணைத் துளைக்கும். பணப்பயிர் எதையும் இழக்க வேண்டியதில்லை. இடித்த வரப்புகளைத் திரும்பப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மேற்கு பரானாவில், பராகுவே எல்லையில் உள்ள இடாய்பூ (Itaipu) நீர்மின் அணையின் நிர்வாகம் தன் நீர்த்தேக்கத்தில் வண்டல் சேர்வதைக் குறைக்க நினைத்து, உழவில்லா விவசாயிகள் கூட்டமைப்போடு சேர்ந்து ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கியது. விவசாயியின் பதில்களை வைத்தே அவர் வயலுக்கு மதிப்பெண் போடப்படுகிறது. பார்ப்பது எட்டு அம்சங்கள்: சுழற்சியின் செறிவு, சுழற்சியில் எத்தனை வகைப் பயிர், தாள் எவ்வளவு நாள் நிலைக்கிறது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உழுகிறார், வரப்பு சரியாக இருக்கிறதா, அரிப்பின் அடையாளம் தெரிகிறதா, உரம் சமநிலையில் இருக்கிறதா, முறையைத் தொடங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று. எட்டில் உழவைப் பற்றிய கேள்வி ஒன்றுதான், பயிர் சுழற்சியையும் தாளையும் பற்றியவை மூன்று.